டெல்லிக்குப் பத்து மாதம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். வெளியூரில் கொஞ்ச காலம் வேலை, கையில் சின்னக் குழந்தைகள், போவதா வேண்டாமா, போனால் எப்படிச் சமாளிப்பது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் பேச ஆசையான விஷயம். கணவருக்கு வங்கி வேலை, மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று பெட்டி கட்டியே என் பாதி வயது போனது.

அக்கா, என் கணவர் மத்திய அரசு ஊழியர். ஜூலையிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை டெல்லியில் வேலை என்று ஆணை வந்திருக்கிறது. பெரியவனுக்கு 6 வயது முடிந்துவிட்டது, இரண்டாம் வகுப்பு போகிறான். சின்னவளுக்கு இரண்டரை, அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், இரண்டு தடவை வீஸிங் வந்து நெபுலைசர் வைத்திருக்கிறோம். நான் தனியார் பள்ளியில் டீச்சர், போவதென்றால் வேலையை விட வேண்டும். "பத்து மாதம்தானே, அவன் மட்டும் போயிட்டு வரட்டும்" என்கிறார் மாமியார். எங்களுக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. என்ன செய்யட்டும்?
வாசகி, திருநெல்வேலி

போங்கள் என்றுதான் சொல்வேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

"பத்து மாதம்தானே" என்பது பெரியவர்கள் கணக்கு. உங்கள் சின்னவள் பிறந்ததே முப்பது மாதத்துக்கு முன்னால்தான், அவளுக்குப் பத்து மாதம் என்றால் இதுவரை வாழ்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு நாள் அப்பா போனுக்குள் மட்டும் இருந்தால், திரும்பி வரும்போது அவள் உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரை எட்டிப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் நாலு மாதத்துக்கே அது நடந்தது. உங்கள் வேலையைப் பொறுத்தவரை, பள்ளிகள் புதிதாக ஆள் எடுப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான். நீங்கள் திரும்புவதும் அப்போதுதான். டெல்லியிலிருந்தே விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

இப்போது நிபந்தனை. டெல்லிக் காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து ஜனவரி வரை மோசமாக இருக்கும். வைக்கோல் தாள் எரிப்பு, தீபாவளி வெடி, வண்டிப் புகை எல்லாம் சேர்ந்துகொள்ள, குளிரில் காற்று அசையாமல் நிற்பதால் அந்தப் புகை ஊருக்கு மேலேயே மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். காற்றுத் தரத்துக்கு 0 முதல் 500 வரை ஓர் எண் போடுகிறார்கள், 50 வரை நல்லது, 200 தாண்டினால் மோசம், 400 தாண்டினால் கடுமை. டெல்லி நவம்பரில் 400-ஐத் தாண்டுவது பெரிய செய்தியே இல்லை. அந்த நாட்களில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தையே ஆன்லைனுக்கு மாற்றிவிடுவார்கள், பெரியவனும் வீட்டில்தான் இருப்பான். ஆகவே கிளம்புவதற்கு முன் சின்னவளை அவளை வழக்கமாகப் பார்க்கிற குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போய், "நவம்பரில் டெல்லியில் இருக்கப் போகிறாள், கூட்டிப் போகலாமா" என்று நேராகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் சொன்னதை மறந்துவிடுங்கள். சரி என்றால், எந்த இன்ஹேலர், அதோடு மாட்டுகிற ஸ்பேசர் குழாயை எப்படிப் பிடிப்பது, மூச்சு எப்படி இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகிற ஊரில் புது டாக்டருக்கு அந்தச் சீட்டு ரொம்ப உதவும்.

நானாக இருந்தால் தீபாவளியை ஒட்டி இரண்டு மூன்று வாரம் பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிடுவேன். மாமியாரும் சந்தோஷப்படுவார். டிக்கெட்டை இப்போதே யோசியுங்கள், அந்தச் சமயத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஹெப்பா வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபயர் ஒன்று, படுக்கையறைக்கு மட்டும், வாங்குங்கள். வீடு முழுக்க வைக்க வேண்டியதில்லை, எல்லோரும் அந்த ஓர் அறையில் படுத்துக்கொண்டால் போதும். ஜன்னலைக் காலையிலும் இரவிலும் சாத்தி வைத்து, மத்தியானம் வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் திறக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் பகுதி எண்ணைப் பார்த்துவிட்டுப் பூங்காவுக்குக் கிளம்புங்கள்.

வீடு பார்ப்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கணவர் முதலில் போவார், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பிடிப்பார், குடும்பம் பின்னாலேயே போய் இறங்கும். அவருக்கு மெட்ரோ இருக்கிறது, கொஞ்ச தூரம் போய் வந்தால் தேய்ந்துவிட மாட்டார். டெல்லி எவ்வளவு பெரிய ஊராக இருந்தால் என்ன, இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது வீட்டைச் சுற்றி அரைக் கிலோமீட்டர்தான். அந்த அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு பூங்கா, ஒரு பால் பூத், ஒரு மருந்துக்கடை, முடிந்தால் பெரியவனின் பள்ளிக்கூடம், ஒரு குழந்தை மருத்துவர். இது அமைந்துவிட்டால் மீதி ஊர் எப்படி இருந்தாலும் சமாளித்துவிடலாம். வீடு இரண்டாவது, அக்கம்பக்கம்தான் முதலில். உங்கள் கணவரிடம் இதை எழுதியே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாடுலர் கிச்சனைப் பார்த்து மயங்கிவிடுவார்.

இன்னொன்று, ஜூலையில் வீடு பார்க்கும்போது ஜனவரியை நினைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் டெல்லிக்குப் போனது ஒரு ஜூன் மாதம். தரகர் காட்டிய தரைத்தள வீட்டுக்குள் நுழைந்ததும் சில்லென்று இருந்தது, வெளியே அனல், உள்ளே குகை மாதிரி இருட்டு, "இதுதான்" என்று அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என் கணவர். டிசம்பர் வந்ததும்தான் ஏன் குளிர்ச்சி என்று புரிந்தது. அந்த வீட்டுக்குள் வெயில் எட்டியே பார்க்காது. பையனின் பள்ளிச் சட்டை காய மூன்று நாள், தரையில் கால் வைத்தால் ஐஸ் கட்டி. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறதல்லவா, தெற்குப் பார்த்த பால்கனி இருந்தால் மத்தியானம் முழுக்க வெயில் உள்ளே வரும். அதைக் கேட்டுப் பாருங்கள். முதல் மாடி உத்தமம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத பில்டர் ஃப்ளோர் (மாடிக்கு ஒரு வீடு என்று கட்டுவது) என்றால் வேண்டாம், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் காய்கறிப் பை, உங்களால் ஆகாது.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருப்பதால் நாடு முழுக்க இந்த வழக்கம். உங்களுக்கு அதுவே வசதி. நடுவில் காலி செய்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற இரண்டு வரியை மட்டும் கவனமாகப் படியுங்கள். குடியிருப்பவர் விவரத்தைக் காவல்துறையில் சரிபார்க்கும் வழக்கம் டெல்லியில் உண்டு, ஆதார் நகலும் போட்டோவும் கேட்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. சமையல் வாயு பல அடுக்ககங்களில் குழாயிலேயே வரும். வராவிட்டால் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது, முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டையை மட்டும் பார்த்துக் கொடுப்பார்கள், தற்காலிகமாகப் போகிறவர்களுக்கு அதுதான் தோது.

பள்ளிக்கூடம். டெல்லியில் கல்வியாண்டு ஏப்ரலில் ஆரம்பித்துவிடும், மே பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை விடுமுறை. பையன் ஜூலையில் போய்ச் சேரும்போது அங்கே ஒன்றரை மாதப் பாடம் ஓடியிருக்கும், இரண்டாம் வகுப்பில் அது பெரிய நஷ்டமே இல்லை. திரும்பும்போது மார்ச்சில் அங்கே தேர்வு முடிந்து, நம் ஊரில் ஜூனில் மூன்றாம் வகுப்பு, அச்சில் வார்த்த மாதிரி பொருந்தும். நடுவில் பிப்ரவரியில் கிளம்பி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கணவர் மத்திய அரசு என்பதால் கேந்திரிய வித்யாலயாவில் முன்னுரிமை உண்டு, எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணமும் கிடையாது, மாதம் 500 ரூபாய் வித்யாலய விகாஸ் நிதி மட்டும். ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்புக்கே 6 வயது முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் ஐந்து முடிந்ததும் சேர்த்துவிடுகிறோம், அதனால் உங்கள் பையனின் வயது இரண்டாம் வகுப்புக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆணையில் இடமாற்றம் என்றிருக்கிறதா, பயிற்சி என்றிருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

அது கிடைக்காவிட்டால் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மந்திர் மார்க், ராமகிருஷ்ணபுரம், மோதிபாக், பூசா ரோடு, ஜனக்புரி என்று ஏழு இடங்களில். தமிழ் சொல்லித் தருகிறார்கள், பையன் எழுத்தை மறக்க மாட்டான். ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் முருகன் கோயிலும் தமிழ்ச் சங்கமும் இருப்பதால் அந்தப் பக்கம் வீடு கிடைத்தால் நீங்கள் ஊரை விட்டுப் போன மாதிரியே தெரியாது. காரோல்பாக், மயூர் விஹார், முனிர்கா பக்கமும் நம்மவர்கள் நிறைய.

எந்தப் பள்ளியானாலும், கிளம்பும் முன் மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' கணினிப் பட்டியலில் பையனின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டார்களா என்று அலுவலகத்தில் நின்று கேளுங்கள், நிரந்தரக் கல்வி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காமல் புதுப் பள்ளிக் கணினி ஏற்றுக்கொள்ளாது, திருநெல்வேலிக்கும் டெல்லிக்கும் போன் போட்டே மண்டை காயும். சில பள்ளிகள் வேறு மாநிலச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும், அதையும் இங்கிருக்கும்போதே வாங்கிவிடுவது மேல். பையனுக்கு 5 வயதுக்குப் பிறகு ஆதாரில் கைரேகை எடுத்தாயிற்றா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

இந்தியைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். போவதற்கு முன் பையனுக்கு நாலே நாலு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள். தண்ணீர் வேண்டும், டாய்லெட் போக வேண்டும், வயிறு வலிக்கிறது, அம்மாவுக்கு போன் பண்ணுங்கள். பானி சாஹியே, டாய்லெட் ஜானா ஹை, பேட் மே தர்த் ஹை, மம்மி கோ ஃபோன் கரோ. தீபாவளிக்குள் உங்களுக்கு அவன் மொழிபெயர்ப்பான். என் பையனுக்கு மூன்று வயது இருக்கும்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிண்ணத்தில் கீர் ஊற்றிக்கொண்டே "பஸ்?" என்று கேட்டாள், போதுமா என்று அர்த்தம். இவன் கிண்ணத்தை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடி பஸ் எங்கே என்று தேடினான். அவள் நிறுத்தாமல் ஊற்றிவிட்டாள். அன்றைக்கு அவனுக்கு லாபம்.

குளிருக்கு உடுப்பு எதையும் நெல்லையில் வாங்காதீர்கள், நம் ஊர் ஸ்வெட்டர் அங்கே காகிதம். அக்டோபரில் சரோஜினி நகர், லஜ்பத் நகர் போனால் தெருவெல்லாம் கம்பளிதான். தடிமனாக ஒன்று போடுவதைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு, காதை மூடும் குல்லா, வீட்டுக்குள்ளும் சாக்ஸ். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காயாதீர்கள், காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்த வீடே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியச் செய்தித்தாள்களில் இந்தச் சாவு வந்துகொண்டேதான் இருக்கிறது. பயமுறுத்திவிட்டேன், சரி. ஜனவரி மத்தியானம் மொட்டைமாடியில் பாய் விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேர்க்கடலையும் கின்னு ஆரஞ்சும் உரித்துத் தின்றுபாருங்கள், அந்தக் குளிருக்கு நன்றி சொல்வீர்கள்.

பயணத்துக்கு, கன்னியாகுமரியிலிருந்து வருகிற திருக்குறள் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகவே நிஜாமுதீன் போகிறது, வழியில் இரண்டு இரவு. சின்னவளுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். பெரியவனுக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடையாது, முழுக் கட்டணம் கட்டித் தனிப் படுக்கை எடுங்கள், இரண்டு இரவு அவனை இடுக்கிக்கொண்டு படுக்க முடியாது. விமானம் என்றால் 2 வயது தாண்டியதால் சின்னவளுக்கும் தனி சீட்டு உண்டு. சாமான் குறைவாக, ஆனால் அவள் கட்டிக்கொண்டு தூங்குகிற போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். அந்த வாசனை இருந்தால் முதல் வாரம் தூங்குவாள்.

அக்கா வணக்கம்ங்க. எனக்குப் பெங்களூரில் எட்டு மாத புராஜெக்ட். குழந்தைக்கு 14 மாதம். கணவர் கோவையில் தொழிலை விட்டு வர முடியாது. அத்தை என்னோடு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கம்பெனியில் ஒரு பெரிய அடுக்ககத்தில் 14-வது மாடி வீடு தருகிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கோவைக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானுங்களா?
வாசகி, கோவை

குழந்தையைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அத்தையைப் பற்றித்தான் கவலை. எட்டு மாதத்துக்கு இடம் மாறுவது நீங்களும் குழந்தையும் மட்டும் இல்லை, அவரும்தான். கோவையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காய்க்காரரிடம் நாலு பேச்சுப் பேசி, எதிர்வீட்டில் போய் உட்கார்ந்து வந்த மனுஷி, 14-வது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி நேரம் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கப் போகிறார். கீழே காவலாளி டெலிவரி பையன் வந்திருக்கிறான் என்று செயலியில் கேட்பான், அவர் போனில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் உங்களை மீட்டிங் நடுவில் கூப்பிடுவார். இரண்டாவது மாதத்தில் முட்டி வலி என்பார். அது முட்டி வலியாக இருக்காது.

கம்பெனி வீட்டை மறுக்க முடிந்தால் மறுத்துவிட்டுத் தரைத்தளமோ முதல் மாடியோ, வெளியே பெஞ்சும் அதில் நாலு பாட்டிகளும் இருக்கிற சின்னக் குடியிருப்பாகப் பாருங்கள். பெங்களூரில் தமிழ் பேசுபவர்களுக்குப் பஞ்சமில்லை, அல்சூர், சிவாஜிநகர் பக்கமெல்லாம் கடைவீதியே தமிழில் நடக்கும். "சாகு" (போதும்), "எஷ்டு" (எவ்வளவு), "பன்னி" என்று நாலு கன்னடச் சொல்லையும் அத்தைக்குச் சொல்லிக் கொடுங்கள், மரியாதையாக இருக்கும். "பன்னி" என்றால் வாருங்கள் என்று அர்த்தம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வம்பு.

முழு நாளையும் அவர் தலையில் கட்டாதீர்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரவும் அதில் உரிமை உண்டு. மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டால் மழுப்புவார்கள். அரை நாள் காப்பகம், அரை நாள் அத்தை என்று பிரித்தால் இருவரும் பிழைப்பார்கள். காப்பகமும் வீடும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அந்த ஊர் டிராஃபிக்கில் 14 மாதக் குழந்தையோடு மாட்டிக்கொள்வது தண்டனை.

வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெங்களூரில் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள், எட்டு மாதம் இருப்பவருக்கு அது கொடுமை. அப்புறம் தண்ணீர். காவிரிக் குழாய் வருகிறதா, போர்வெல்லா, டேங்கரா? 2024 கோடையில் அந்த ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், குழந்தை இருக்கிற வீட்டில் இதைக் கேட்காமல் சாவி வாங்காதீர்கள்.

வெள்ளிதோறும் கோவை என்பது வேண்டாம். வந்தே பாரத் வந்த பிறகு ஆறரை மணி நேரம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் குழந்தை ஓர் இடத்தில் தூங்கிப் பழகுவதற்குள் பெட்டியைக் கட்டினால் இரண்டு ஊரிலும் தூங்காது. மாதம் ஒரு முறை நீங்கள் போங்கள், மற்ற வாரங்களில் உங்கள் வீட்டுக்காரர் ஏறி வரட்டும். அவர் பெட்டி சின்னதுதான்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு மாதம் சென்னையில் அம்மா வீட்டில் தங்கி, அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று முடிவு. பிள்ளைகளுக்கு 8 வயதும் 5 வயதும், இரண்டு பேரும் கனடாவில் பிறந்தவர்கள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருக்கிறது. தமிழ் புரியும், பேச மாட்டார்கள். பள்ளியில் சேர்க்க முடியுமா? உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?
வாசகர், டொரான்டோ

ஓசிஐ இருப்பதால் எவ்வளவு நாள் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் அந்த நகலையும் புதுப் போட்டோவையும் ஓசிஐ தளத்தில் ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள், நிறையப் பேர் மறக்கிறார்கள்.

நான் பள்ளியில் சேர்க்க மாட்டேன். சென்னையில் கல்வியாண்டு ஜூனில் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும், ஆறு மாதத்துக்கு என்றால் பல பள்ளிகள் யோசிக்கும், சேர்த்தாலும் பெரியவன் காலாண்டுத் தேர்வுக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். நீங்கள் இருக்கும் காலம் வடகிழக்குப் பருவமழை வேறு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறை அறிவிப்புக்காகக் காலையில் டிவி முன்னால் உட்காரும் காலம். அங்குள்ள பள்ளியில் பேசி இடத்தைத் தக்கவைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். காலையில் இரண்டு மணி நேரம் அது. சாயங்காலம் பெரியவனுக்குச் செஸ் வகுப்பு, சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. சின்னதைப் பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலில் விடுங்கள். தமிழ் பேச வைக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பாட்டியிடம் மட்டும், ஆங்கிலத்தில் கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கச் சொல்லுங்கள், பஜ்ஜி சுடுகிற நேரத்தில் குறிப்பாக.

உடம்புக்கு, கிளம்ப ஒரு மாதம் முன்பாவது உங்கள் டாக்டரிடம் டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மழைக்காலம் என்பதால் டெங்குக்கு முழுக்கைச் சட்டை, கொசுவலை. இங்கே பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று இன்னொன்று, சொட்டு மருந்து என்றால் அதைவிடக் கெட்டி. அங்கே கொடுத்த அதே மூடி அளவை இங்கே கொடுத்தால் மருந்து கூடவோ குறையவோ ஆகிவிடும், பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு டாக்டரிடம் அளவு கேட்டே கொடுங்கள். இன்னொன்று, அங்கே வளர்ந்த பிள்ளைகள் நாய் என்றால் கட்டிப்பிடிக்க ஓடுவார்கள். தெரு நாயைத் தொடக்கூடாது என்று விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். கடியோ கீறலோ பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுவார்கள்.

மேடம், புனேயில் ஆறு மாத வேலை. குடும்பத்தைக் கூட்டிப் போனால் செலவு, நான் மட்டும் மேன்ஷனில் தங்கிக்கொள்கிறேன் என்றால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பையனுக்கு 3 வயது. எது லாபம்?
வாசகர், தஞ்சாவூர்

மேன்ஷன்தான் லாபம். கடைச் சாப்பாடு, மாதம் இருமுறை ஊருக்கு வந்துபோகும் டிக்கெட், வயிற்று வலிக்கு டாக்டர், அப்புறம் ஆறு மாதத் தூக்கி வைத்த முகம், இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். 3 வயதுப் பையனுக்குப் பள்ளிச் சேர்க்கைத் தொல்லையும் இல்லை, இதைவிட லேசாக இடம் மாறக்கூடிய வயது அவனுக்கு இனி வராது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கும். மெத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள், யாரோ படுத்த மெத்தையில் குழந்தையைப் போட வேண்டாம்.

போன வருடம் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளைகளோடு டெல்லி வந்தேன். எல்லாம் பழகிவிட்டது, இட்லி மாவு மட்டும் பொங்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் ரொட்டியைப் பார்த்தாலே ஓடுகிறார்கள். ஜனவரி முடிவதற்குள் பதில் போடுங்கள்.
வாசகி, புதுடெல்லி

இதுதான் அவசரக் கேள்வி. குளிருக்கு மாவு தூங்கிவிடும், ஒரு ராத்திரி போதாது. அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், உப்பை முதலிலேயே போட்டுக் கையால் நன்றாகக் கரையுங்கள், கொஞ்சம் வெந்தயம் ஊறப்போட்டுச் சேர்த்தரைத்தால் இன்னும் நல்லது. ஓவன் இருந்தால் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வையுங்கள். இல்லையென்றால் பெரிய குக்கரில் சுடுதண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் பாத்திரத்தை வைத்து மூடி, மேலே ஒரு பழைய கம்பளி. நான் என் பையனின் சின்னதாகிப்போன ஸ்வெட்டரைப் பாத்திரத்துக்கு மாட்டிவிடுவேன், இரண்டு கையும் தொங்க அது சமையலறை மூலையில் ஒரு குட்டிப் பிள்ளை மாதிரியே உட்கார்ந்திருக்கும். மூடியை இறுக்க வேண்டாம். அப்படியும் மறுநாள் மத்தியானம்தான் பொங்கும், அதனால் ஞாயிறு இட்லிக்கு வெள்ளி ராத்திரியே அரைத்துவிடுங்கள்.